பாலத்து ஜாயிண்ட்: தார் பிளக்கா, பாலியூரித்தேனா, ஸ்ட்ரிப் சீலா?

பழைய பாலத்தில் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் (பாலம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளியை மூடும் அமைப்பு) பிய்ந்துபோனால் பொறியாளர் கையில் முதலில் வந்து சேருவது விலைப்பட்டியல்தான். ஆஸ்பால்ட் பிளக் (தார் பிளக்) ஜாயிண்ட் மீட்டருக்கு இவ்வளவு, ஸ்ட்ரிப் சீல் இவ்வளவு, பாலியூரித்தேன் இவ்வளவு என்று மூன்று எண்கள். அந்த எண்களை வைத்து முடிவெடுத்த பாலங்களில் ஒரே கோடையில் பிளக் குழைந்து மேடும் பள்ளமுமாகிறது. இல்லையென்றால் எட்டு மில்லிமீட்டர் நகரும் சின்னப் பாலத்துக்காக டெக் (பாலத்தின் தள) கான்கிரீட்டை உடைத்து, இரும்புச் சட்டம் பதித்து, வாரக்கணக்கில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது 10 முதல் 30 மீட்டர் வரையுள்ள கண்களை (ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரையுள்ள பகுதிகளை) கொண்ட கான்கிரீட் பாலங்கள், அவற்றின் பழைய ஜாயிண்டை மாற்றும் வேலை. இடம் சமவெளி, வெயில் கடுமையான ஊர். முடிவு இரண்டு கட்டமாக வரும். முதலில் எந்த வகை ஜாயிண்ட். பிளக் என்று முடிவானால், எந்தப் பிணைப்பான், அதாவது எந்தத் தார். இரண்டாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை.

## முதலில் அளக்க வேண்டியவை

நகர்வு. கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 25 மீட்டர் கண்ணில் பாலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதுமாக 30 டிகிரி ஏறி இறங்கினால் நகர்வு 9 மி.மீ. இத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. எந்த முனையில் பேரிங் (ஸ்லாப் தூணின் மேல் அமரும் தாங்கி) நிலையானது, எந்த முனை நகரக்கூடியது என்று வரைபடத்தில் பாருங்கள். ஒரே தூணின் மேல் இரண்டு நகரும் முனைகள் சந்தித்தால் அந்த ஜாயிண்டுக்கு 18 மி.மீ. வரும், அடுத்த தூணில் ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது. நான்கு கண்களைத் தொடர்ச்சியாக வார்த்த 100 மீட்டர் தளமாக இருந்தால் 36 மி.மீ. பழைய பாலத்தில் கான்கிரீட் சுருக்கமும் தவழ்வும் (நீண்டகாலச் சுமையில் மெல்லக் குறுகுவது) பெரும்பாலும் முடிந்திருக்கும். புதுப் பாலத்தில் அவற்றையும் சேர்க்க வேண்டும்.

செங்குத்து அசைவு. லாரி ஏறும்போது ஸ்லாபின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி துள்ளுகிறதா? அப்படியானால் ஜாயிண்டைத் தொடாதீர்கள், முதலில் பேரிங்கைச் சரிசெய்யுங்கள். பேரிங் நசுங்கிப்போன பாலத்தில் எந்த ஜாயிண்டும் நிற்காது.

வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா. பாலம் முடிந்ததும் சிக்னல் இருக்கிறதா, சுங்கச்சாவடி வரிசை பாலத்தின் மேல் வருகிறதா, பேருந்து நிற்குமா, சரிவில் பிரேக் பிடிக்கும் இடமா? பிளக் ஜாயிண்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் வண்டிகளின் எண்ணிக்கையைவிட இதற்கே எடை அதிகம்.

மேல்தளத்தின் ஆழம். பிளக்குக்கு 75 முதல் 100 மி.மீ. ஆழம் தேவை. நம் பல பாலங்களில் தார் மேல்தளம் 65 மி.மீ. அளவில்தான் இருக்கும். மீதி ஆழத்துக்கு டெக் ஸ்லாபுக்குள் வெட்ட வேண்டும், அங்கே கம்பி இருக்கிறது. கவர் மீட்டர் (கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமல் வெட்டுகிற வேலையை அனுமதிக்காதீர்கள்.

மூடிவைக்கக் கிடைக்கும் நேரம். ஒரே இரவா, பாதிப் பாதியாக இரண்டு வாரமா? மாற்றுவழி இல்லாத ஊர்ப் பாலத்தில் இந்த ஒன்றே முடிவைத் திருப்பிவிடும்.

## ஆஸ்பால்ட் பிளக்: எல்லாம் பிணைப்பானில்தான்

அமைப்பு எளிது. சுமார் 500 மி.மீ. அகலத்தில் ஒரு பள்ளம். நடுவில் இருக்கும் இடைவெளியின் மேல் ஒரு தகடு. அதன் மேல் ஒரே அளவு ஜல்லி, ஜல்லியின் சந்துகளையெல்லாம் நிரப்பும் பாலிமர் கலந்த சூடான தார். சாலையின் மேல் விளிம்போ போல்ட்டோ தெரியாது. வண்டி ஏறினால் சத்தமில்லை, தண்ணீரும் இறங்காது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 69 வழிகாட்டி இதற்கு 25 மி.மீ. வரை கிடைமட்ட நகர்வை ஏற்கிறது. பிரிட்டனின் பி.டி. 33/94 ஆவணம் 40 மி.மீ. வரையும், செங்குத்தாக 3 மி.மீ. வரையும் அனுமதித்தது. வெயில் நாட்டில் 25-ஐத் தாண்ட வேண்டாம் என்பதே நம் கருத்து.

இந்தத் தாரிடம் நேரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். பாலம் காலையிலிருந்து மாலைவரை மெல்ல நீள்கிறது, இரவில் மெல்லச் சுருங்குகிறது. மணிக்கணக்கில் நடக்கும் அந்த இழுப்புக்குத் தார் இளகிக்கொடுக்க வேண்டும், உள்ளே சேரும் இறுக்கத்தைத் தானே தணித்துக்கொள்ள வேண்டும். அதே தார், லாரிச் சக்கரம் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் அழுத்திப் போகும்போது ரப்பர்போல் எதிர்த்து நிற்க வேண்டும். மெதுவான விசைக்குத் திரவம், வேகமான விசைக்குத் திடம். சிக்கல் இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது: சிக்னலில் மூன்று நிமிடம் நிற்கும் லாரி. தாரின் கணக்கில் அதுவும் மெதுவான விசைதான். அதனால் இளகிக்கொடுக்கிறது, பள்ளம் விழுகிறது.

### எந்தத் தார்?

சாலைக்கு வாங்கும் வி.ஜி.-30 தாரின் மென்மையாகும் வெப்பநிலை குறைந்தபட்சம் 47 டிகிரி. டயர்த் தூள் கலந்த சி.ஆர்.எம்.பி.-60 என்றால் 60 டிகிரி. சித்திரை வெயிலில் மதியம் கறுப்புச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். பிளக் ஜாயிண்டுக்கென்றே எழுதப்பட்ட அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். டி 6297 கேட்பது குறைந்தது 83 டிகிரி. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

'சாலையில் வி.ஜி.-30 தாங்குகிறதே, ஜாயிண்டில் ஏன் தாங்காது?' என்று ஒப்பந்ததாரர் கேட்பார். நியாயமான கேள்விதான். சாலைக் கலவையில் தார் எடையில் சுமார் 5 சதவீதம். பெரியதும் சிறியதுமான ஜல்லி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுமையைத் தாங்குகிறது, தார் பசை மட்டுமே. பிளக்கில் தார் எடையில் நாலில் ஒரு பங்குக்கு நெருங்கிவிடும். ஒரே அளவு ஜல்லி என்பதால் இறுகிய பூட்டும் இல்லை. அங்கே ஜல்லியைத் தாங்கிப் பிடிப்பதே தார்தான். அது இளகினால் மொத்தமும் வண்டி போகும் திசையில் நகர்ந்து, முன்விளிம்பில் மேடாகக் குவியும். குறுக்குச் சரிவு இருந்தால் கெர்ப் (சாலையோரத் திட்டு) பக்கமாக வழியும்.

டி 6297-இல் பார்க்க வேண்டிய மற்ற வரிகள்: 60 டிகிரியில் 5 மணி நேரம் சாய்வாக வைத்தால் ஓட்டம் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 25 டிகிரியில் மீள்தன்மை 40 முதல் 70 சதவீதம். ஒட்டுச் சோதனையில் மைனஸ் 7 டிகிரியில் 100 சதவீதம் இழுத்து மூன்று சுற்றுத் தேற வேண்டும். மைனஸ் 23 டிகிரி வளைவுச் சோதனையும் உண்டு. அது காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் உயிர், திருச்சிக்குப் பயனில்லை. நம் ஊருக்கு வாங்கும்போது ஓட்டச் சோதனையையும் மென்மையாகும் வெப்பநிலையையும் முன்னால் வையுங்கள். குளிர்நாட்டுக்கென்று மென்மையாகத் தயாரித்த பிணைப்பான் சான்றிதழில் அழகாகத் தேறும், நம் கோடையில் ஓடிவிடும்.

சாலைக்கான பி.எம்.பி. (பாலிமர் மாடிஃபைடு பிட்டுமின், பாலிமர் கலந்த தார்) டிரம்மில் 'பாலிமர்' என்று எழுதியிருப்பதால் அதையே ஊற்றிவிடும் பழக்கமும் இருக்கிறது. பழைய தர வரிசையில் பி.எம்.பி.-40-இன் எலாஸ்டோமர் வகைக்குக் கூட 60 டிகிரிதான் குறைந்தபட்சம். ஜாயிண்ட் பிணைப்பானில் எஸ்.பி.எஸ். போன்ற ரப்பர் வகைப் பாலிமரின் பங்கு மிக அதிகம், தாருக்குள் அது வலைபோல் பின்னிக் கிடக்கும். சாலைப் பி.எம்.பி.யில் அந்த வலை அவ்வளவு அடர்த்தியாக அமையாது. எனவே டெண்டரில் 'பாலிமர் மாடிஃபைடு பிட்டுமின்' என்ற சொல்லோடு நிறுத்தாமல், மென்மையாகும் வெப்பநிலையையும் ஓட்ட வரம்பையும் எண்ணாக எழுதுங்கள்.

### அளவும் செய்முறையும்

7.5 மீட்டர் அகலச் சாலை, 500 மி.மீ. அகலம், 100 மி.மீ. ஆழம் என்றால் கொள்ளளவு 0.375 கன மீட்டர். ஒரே அளவு ஜல்லி சுமார் 560 கிலோ. சந்துகள் 40 முதல் 45 சதவீதம் இருக்கும், ஆகவே பூச்சும் சேதாரமும் சேர்த்துத் தார் சுமார் 200 கிலோ. இதைவிடக் கணிசமாகக் குறைவாகத் தார் கொண்டுவந்தால், உள்ளே காலிச் சந்துகள் இருக்கப்போகின்றன என்று பொருள். அங்கே தண்ணீர் தங்கும்.

பள்ளத்தின் விளிம்பை மெஷினால் நேராக வெட்டி, மேல்தளத்தை அடிவரை எடுக்க வேண்டும். உடைந்த கான்கிரீட் விளிம்பைச் செப்பனிட்ட பிறகே அடுத்த வேலை. சூடான அழுத்தக் காற்றால் தூசியையும் ஈரத்தையும் விரட்டி, இடைவெளியில் வெப்பம் தாங்கும் பேக்கர் ராட் (தார் கீழே ஒழுகாமல் தடுக்கும் உருளை) செருகி, மேலே தார் ஊற்ற வேண்டும். பிறகு 200 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் கொண்ட எஃகுத் தகடு, இடைவெளியின் நடுவே ஆணி இறக்கி நிற்கும். பள்ளத்தின் அடி, பக்கம் எல்லாவற்றுக்கும் உடனே தார்ப் பூச்சு.

ஜல்லி கழுவியதாக, 14 அல்லது 20 மி.மீ. ஒரே அளவாக இருக்க வேண்டும். 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி, 20 முதல் 40 மி.மீ. அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தாரால் மூழ்கடிக்க வேண்டும். மேல் அடுக்கைத் தாரில் புரட்டிய ஜல்லியாகப் போட்டு, பிளேட் காம்பாக்டரால் இறுக்கி, மேலே மெல்லிய தாரும் பொடி ஜல்லியும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை:

- தாரை அதிகம் காய்ச்சுவது. ஊற்றும் வெப்பம் 182 முதல் 199 டிகிரி, பாதுகாப்பான மேல் எல்லை 216-க்குள் என்பது டி 6297 சொல்லும் அளவு. நேரடி நெருப்பில் டிரம்மை வைத்தால் அடித்தார் இதைச் சுலபமாகத் தாண்டும். பாலிமர் சங்கிலி அறுந்துவிட்டால் விலை கொடுத்து வாங்கிய பிணைப்பான் சாதாரணத் தாராகிவிடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய்ச் சுவர் கொண்ட, கலக்கிக்கொண்டே இருக்கும் கொதிகலனும் வெப்பமானியும் கட்டாயம். நேற்று மிஞ்சியதை இன்று மறுபடி காய்ச்ச விடாதீர்கள்.
- ஜல்லி ஆறிப்போவது. ஆறிய ஜல்லியில் தார் பட்டதும் உறைந்து, அடிவரை இறங்காது.
- தகடு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்வது. 9 மி.மீ. நகர்வு 200 மி.மீ. அகலத்தில் பரவினால் இழுப்பு 4.5 சதவீதம்தான். தகடு ஒருபுறம் ஸ்லாபோடு ஒட்டினால் முழு இழுப்பும் மறுவிளிம்பில் சேரும், அதே கோட்டில் நெடுக விரிசல் விழும். தகட்டுக்கு மேல் ஒட்டாத பட்டை விரிப்பது இதற்காகத்தான்.
- பருவம். சித்திரை மதியத்தில் போட்டால் இடைவெளி மிகக் குறுகியிருக்கும். அதன்பிறகு பிளக் ஆண்டு முழுவதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் மழை முடிந்த தை, மாசி மாதங்களே நல்லது.

ஊற்றும் நாளில் கொதிகலனிலிருந்து ஒரு லிட்டர் மாதிரி எடுத்து முத்திரையிட்டு வையுங்கள். டிரம் சான்றிதழ் ஆலையில் இருந்த தாரைப் பற்றியது, பள்ளத்தில் ஊற்றிய தாரைப் பற்றியதல்ல. இந்த ஒரு டப்பா, பின்னால் வரும் எல்லா வாதத்தையும் தீர்க்கும்.

## பாலியூரித்தேன் பிளக்

அதே பள்ளம், ஆனால் தாருக்குப் பதில் இரண்டு பாகமாக வந்து கலந்து ஊற்றும் பாலியூரித்தேன். காய்ச்சும் வேலை இல்லை. இறுகியபின் மறுபடி இளகாது, ஏனெனில் அதன் பிணைப்புகள் வேதிப் பிணைப்புகள். சிக்னல் முன்னால் நிற்கும் லாரியும் சித்திரை வெயிலும் சேர்ந்தாலும் சக்கரப் பள்ளம் விழாது. இரும்புக் கோணங்களோடு வரும் சில அமைப்புகள் தார் பிளக்கைவிடப் பல மடங்கு நகர்வைத் தாங்கும்.

செலவு பல மடங்கு அதிகம். அதைவிடப் பெரிய ஆபத்து ஈரம். இறுகாத பாலியூரித்தேன் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், உள்ளே நுரையாகும். ஈரமான கான்கிரீட்டில் பிரைமரும் ஒட்டாது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது, கூடாரம் போட்டாலும் கான்கிரீட்டின் ஈரத்தை அளந்துதான் ஊற்ற வேண்டும். கலவை விகிதம் தவறினால் திருத்த வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். பயிற்சி பெற்ற குழு ஊருக்கு அருகே இல்லையென்றால் பின்னாளைய பழுதுபார்ப்பும் அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்கும்.

## ஸ்ட்ரிப் சீல்

இரண்டு பக்கமும் எஃகு விளிம்புச் சட்டம், நடுவில் ரப்பர் சவ்வு. 80 மி.மீ. வரை நகர்வுக்கு இதுவே நம் நாட்டில் நம்பகமான தேர்வு. சவ்வு கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். சட்டம் சரியாகப் பதிந்திருந்தால் வெப்பமும் நிற்கும் வண்டியும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மறைந்த செலவு பழைய பாலத்தில்தான் வரும். டெக்கை இருபுறமும் உடைத்துக் கம்பியை வெளியே எடுத்து, நங்கூரக் கம்பிகளை அதோடு இணைத்து, புதுக் கான்கிரீட் போட்டு ஆற்ற வேண்டும். அன்றைய பால வெப்பநிலைக்கு ஏற்ப இடைவெளியை அமைத்துப் பூட்டி, கான்கிரீட் இறுகத் தொடங்கியதும் அந்தப் பூட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க மறந்தால் பாலத்தின் நகர்வு புதுக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சட்டத்தின் கீழே கான்கிரீட் முழுதாக இறங்காமல் வெற்றிடம் விழுந்தால், லாரி ஏற ஏறச் சட்டம் ஆடத் தொடங்கும். மண் நிறையும் இடத்தில் சவ்வை ஆண்டுக்கு இருமுறையாவது சுத்தம் செய்ய ஆள் வேண்டும். சவ்வில் இறுகிய கல் ஒன்று போதும், பாலம் நீளும்போது அதைக் குத்திக் கிழிக்க.

## மற்றவை, சுருக்கமாக

கம்ப்ரஷன் சீல் (இடைவெளியில் அழுத்திச் செருகும் ரப்பர்) 40 மி.மீ. வரை ஏற்கும், மலிவு. ஆனால் இரு விளிம்பும் நேராகவும் இணையாகவும் இருக்க வேண்டும், பழைய உடைந்த விளிம்பில் பிதுங்கி வெளியே வந்துவிடும். புதைஜாயிண்ட் (மேல்தளத்துக்கடியில் மறைந்திருப்பது) 10 மீட்டர் கண்ணுள்ள, மதகு போன்ற சிறு பாலங்களுக்கு மட்டும், நகர்வு 10 மி.மீ.க்குள். ஜாயிண்டையே எடுத்துவிட்டு இரு ஸ்லாபையும் தொடர்தளமாக இணைப்பது பல இடங்களில் எல்லாவற்றையும்விட நல்ல யோசனை. ஆனால் பேரிங், தூண் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடாமல் செய்யக் கூடாது.

| அளவுகோல் | தார் பிளக் | பாலியூரித்தேன் பிளக் | ஸ்ட்ரிப் சீல் |
|---|---|---|---|
| நகர்வு | 25 மி.மீ. வரை | அமைப்பைப் பொறுத்து அதற்கு மேலும் | 80 மி.மீ. வரை |
| நிற்கும் வண்டி | தாங்காது | தாங்கும் | தாங்கும் |
| கடும் வெயில் | பிணைப்பானைப் பொறுத்தது | தாங்கும் | தாங்கும் |
| போடும்போது ஈரம் | உலர்த்தினால் போதும் | பெரும் ஆபத்து | சிக்கல் குறைவு |
| மூடும் காலம் | பாதிக்கு ஓர் இரவு | ஒன்றிரண்டு நாள் | வாரக்கணக்கில் |
| பழுதுபார்ப்பு | பள்ளத்தை வெட்டி மறுபடி ஊற்றலாம் | சிறப்புக் குழு வேண்டும் | சவ்வு எளிது, சட்டம் கடினம் |
| முதல் செலவு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம், உடைப்பு வேலையோடு கூடும் |

## எந்த இடத்தில் எது

வண்டிகள் நிற்காமல் ஓடும் ஊர்ப்புறச் சாலை, 20 மீட்டர் கண்கள், ஜாயிண்டுக்கு 7 அல்லது 8 மி.மீ. நகர்வு, மாற்றுவழி இல்லை: தார் பிளக். பிணைப்பானின் எண்களைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினால் இந்த இடத்தில் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

அதே நகர்வு, ஆனால் பாலம் நகரத்துக்குள், இறங்கியதும் சிக்னல்: தார் பிளக் வேண்டாம். பணம் இருந்து, வறண்ட மாதத்தில் செய்ய முடிந்தால் பாலியூரித்தேன். இல்லையென்றால் பாதிப் பாதியாக மூடி ஸ்ட்ரிப் சீல். 'இப்போதைக்கு பிளக் போடுவோம், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்' என்றால், அந்த அடுத்த ஆண்டில் பிளக்கை வெட்டும் செலவும் சேரும்.

தொடர்தளம், 30 மி.மீ.க்கு மேல் நகர்வு: ஸ்ட்ரிப் சீல், வேறு யோசனையே வேண்டாம். சாய்கோணம் (ஜாயிண்ட் சாலைக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சாயும் அளவு) 20 டிகிரிக்கு மேல் போகும் பாலத்திலும் தார் பிளக்கைத் தவிர்க்கலாம். அங்கே பிளக் இழுபடுவதோடு நெடுக அறுபடவும் செய்கிறது.

எந்த ஜாயிண்டைப் போட்டாலும், அடுத்த முறை சாலைக்கு மேலடுக்குத் தார் போட வரும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஜாயிண்டின் இருபுறமும் பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்து, அதே மட்டத்தில் புதிய அடுக்கு முடிய வேண்டும். இந்த வரி இல்லாததால் நல்ல ஸ்ட்ரிப் சீல்கள் 40 மி.மீ. பள்ளத்துக்குள் போய், ஒவ்வொரு சக்கரமும் சட்டத்தின் மேல் குதித்து இறங்குகிறது. நல்ல பிளக்குகள் புதுத் தாருக்கடியில் புதைந்து, அவற்றின் விளிம்புக் கோட்டிலேயே புதுச்சாலை விரிகிறது.